இலவ ஓட்டுத் தீயில் காய்ந்த ஏலக்காய்

என் அப்பு,

கோயம்புத்தூரிலிருந்து நீ அனுப்பிய திட்ட அறிக்கை நேற்று வந்து சேர்ந்தது. தபால்காரர் உறையைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "என்னக்கா, தம்பி கல்யாணப் பத்திரிகையா அனுப்பியிருக்கு?" என்று கேட்டார். "இல்லண்ணே, குப்பையப் பத்தி எழுதியிருக்கான்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது பக்கத்தையும் எழுந்திருக்காமல் படித்தேன். எந்த மாநிலத்தில் உமி மலிந்து கிடக்கிறது, எங்கே கரும்புச் சக்கை வீணாகிறது, தென்னை மட்டையையும் கடலைத் தொலியையும் எரித்து வாயு உண்டாக்கி எப்படி எஞ்சின் ஓட்டலாம், தேயிலை ஆலைகளும் செங்கல் சூளைகளும் விறகுக்கு என்ன பாடு படுகின்றன என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறாய். வேலையை விட்டுவிட்டு, வரும் திங்கட்கிழமை உன் சொந்த அடுப்போடு குன்னூர்த் தேயிலை ஆலைக்குப் போகிறாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் போய் இரண்டு பக்கம் வாசித்தும் காட்டினேன், அவர்களுக்குப் புரியவில்லை, எனக்கும் முழுக்கப் புரியவில்லை, ஆனாலும் வாசித்தேன்.

இரண்டு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். மதுரை மாவட்டம் என்று நீ போட்ட கட்டத்தில் பருத்திமார் இருக்கிறது, மரத்தூள் இருக்கிறது, காப்பித் தொலிகூட இருக்கிறது. இலவங்காய் ஓடு இல்லை. உன்னைப் படிக்க வைத்ததே அந்த ஓடுதான், அதை மறந்துவிட்டாய் பார். அடுத்த குறை கொஞ்சம் பெரியது. கடைசியில் 'இடர்கள்' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறாய். மழை பெய்தால் என்ன ஆகும், லாரி வராவிட்டால் என்ன ஆகும், வங்கி கைவிரித்தால் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். அந்தப் பட்டியலில் உன்னைச் சேர்க்கவில்லை. தொழில் செய்கிறவனே அவன் தொழிலுக்கு இடராக நிற்கிற நாள் ஒன்று வரும். எனக்கு வந்தது. அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன்.

நீ அப்போது மதுரையில் விடுதியில் தங்கிப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். தீபாவளிக்கு வந்தபோது நம் பஞ்சுக் கிட்டங்கிக்குப் பின்னால் வெற்றுத் தரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம ஓட்டு மலை எங்க?" என்று கேட்டாய். "வித்துட்டேன்" என்றேன். நீ பட்டாசு வெடிக்கப் போய்விட்டாய். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த மலை எப்படிக் கிடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும், சிறு வயதில் அதில் சறுக்கி விளையாடிவிட்டு உடம்பெல்லாம் அரிப்போடு வந்து நிற்பாய். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து இலவங்காய் வண்டி வண்டியாக நம் கிட்டங்கிக்கு வரும். பன்னிரண்டு பெண்கள் மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து காயை உடைப்பார்கள். பஞ்சு மெத்தை தைக்கிறவர்களுக்குப் போகும், விதை எண்ணெய் ஆட்டுகிறவர்களுக்குப் போகும். ஓட்டை மட்டும் யாரும் சீந்தமாட்டார்கள். வெந்நீர் அடுப்புக்கு ஒரு கூடை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் போக, மிச்சமெல்லாம் பின்னால் கொட்டிக் கொட்டி, மதில் உயரத்தையும் தாண்டிவிட்டது. ஓர் ஆடி மாதத்துக் காற்றில் யாரோ அணைக்காமல் எறிந்த பீடி அதன் ஓரத்தில் பற்றிக்கொண்டது. கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி அணைத்தோம். மறுநாளே சுகாதார ஆய்வாளர் வந்து நின்றார். தீபாவளிக்குள் குவியலை அப்புறப்படுத்தாவிட்டால் கிட்டங்கியின் லைசென்ஸ் ரத்தாகும் என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் மேல் தப்பில்லை. ஊருக்கே ஆபத்தான குவியல்தான் அது. ஆனால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? உன் அப்பா நாலு நாள் அலைந்தார். எந்தத் தோட்டக்காரரும் தன் நிலத்தில் கொட்ட விடவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "மூடிருவோம். நான் தேவாரத்துக்குப் போய் அண்ணன் தோட்டத்தைப் பாத்துக்கிறேன்" என்றார். அவர் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியும். சேதி கிட்டங்கிக்கு எப்படியோ போய்விட்டது. அங்கே வேலை பார்த்தவர்களில் மூத்தவள் வெள்ளையம்மா. அவள் மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டு என்னிடம் வந்து, "ஆத்தா, எங்க பன்னெண்டு பேரு சோலியும் போச்சா?" என்று கேட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும், அதுவும் உனக்குத் தெரியும்.

அந்தக் கோபத்தோடு வாசலில் வந்து நின்றேன். போடியிலிருந்து போடிமெட்டுக்கு மலையேறுகிற சாலை நம் வாசலிலிருந்து தெரியும் அல்லவா? கருவேல மரத் துண்டு ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகிக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. மலையிலிருந்து விறகு இறங்கித்தான் நான் பார்த்திருக்கிறேன். இப்போது கீழேயிருந்து விறகு மலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. மேலே காட்டில் மரம் வெட்டக் கெடுபிடி வந்துவிட்டது. ஏலக்காயைப் பச்சையாகப் பறித்ததும் காயவைத்தாக வேண்டும். அதற்கென்று எஸ்டேட்டுகளில் ஒரு கட்டடம் இருக்கிறது, ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பு எரியும், அதன் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே சுற்றி வரும், தட்டுத் தட்டாகப் பரப்பிய காய் அந்தச் சூட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் போல நின்று காயும். விறகு இல்லாவிட்டால் காய் அழுகிவிடும். உன் அறிக்கையில் சந்தை ஆய்வு பதினாறு பக்கம் இருக்கிறது. என்னுடைய சந்தை ஆய்வு வாசலில் நின்று லாரி பார்த்த அந்த அரைமணி நேரம்தான்.

ஆனால் ஓட்டை அப்படியே அடுப்பில் போட்டால் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். ஏலக்காய்க்கு அது ஆகாது. சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இதற்கு வழி நம் அடுப்படியிலேயே இருந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் நான் மரத்தூள் அடுப்பில் சமைப்பேன். தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டித்து, பாட்டிலை உருவிவிட்டு அடியில் தீ வைத்தால் அரை நாளைக்கு ஒரே சீராக எரியும். ஓட்டை உரலில் போட்டு இடித்து அதே டின்னில் கெட்டித்தேன். காலைச் சோற்றுக்கு வைத்த தீ மாலையில் காப்பி போடவும் மிச்சம் இருந்தது. அடுத்ததாக, சாலை போடுகிறவர்கள் விட்டுப்போன தார் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தோம். பாட்டிலுக்குப் பதில் உலக்கை. நானும் வெள்ளையம்மாவும் ஏறி நின்று மிதித்தோம். முதல் பீப்பாய் அருமையாக எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. மூன்றாவது திடீரென்று சீறி, என் புருவத்தில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. காரணம் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. அந்த ஓட்டின் உள்பக்கத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சு இழை இருக்கிற வழியாக நெருப்பு உள்ளே ஓடிவிடுகிறது. ஒவ்வோர் ஓட்டையும் விரலால் வழித்துச் சுத்தம் செய்தால்தான் பீப்பாய் அடங்கி எரியும். பஞ்சுக் கிட்டங்கிக்காரிக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும், புருவம் போன பிறகுதான் தெரிந்தது.

போடிமெட்டில் பெரிய எஸ்டேட் வைத்திருந்த முதலாளி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போடி வீட்டுக்கு வருவார். உன் அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். "குப்பையத் தூக்கிக்கிட்டுப் பெரிய மனுசன் வீட்டு வாசல்ல நிக்கச் சொல்றியா?" என்றார். நான் வெள்ளையம்மாவைக் கூட்டிக்கொண்டு, சின்ன டின்னில் ஓட்டைக் கெட்டித்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு முற்றத்திலேயே பற்றவைத்தேன். அவர் காலைப் பலகாரம் சாப்பிட்டு, இரண்டு பேருடன் வழக்குப் பேசி, குளித்துவிட்டு வந்து பார்த்தார். டின் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

"கங்கு கக்காதா?"

"கக்காது."

"புகை குழாயில அடைக்காதா?"

"விறகைவிடக் கம்மிதான் முதலாளி."

"சரி. ஒரு தடவ பாப்போம். ஒரே தடவ. புதன்கிழம காலைல ஜீப்பு வரும். பன்னெண்டு பீப்பாய் வேணும்" என்றார்.

திரும்பி வரும்போது வெள்ளையம்மா தெருவிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்கும் தரையில் கால் பாவவில்லை.

இனி எழுதப்போவதைத்தான் நான் உன்னிடம் இத்தனை வருஷம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை எட்டுப் பீப்பாய்க்குத்தான் ஓடு சுத்தமாகியிருந்தது. விரல் நுனி சிவந்து, அந்தப் பெண்கள் ஓட்டைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். "மிச்சத்த அப்படியே இடிங்க" என்றேன். வெள்ளையம்மா என்னைப் பார்த்தாள். "ஆத்தா, பஞ்சு இருக்கே." "நல்லா மிதிச்சு அமுக்குனா ஒண்ணும் செய்யாது. வெரசா ஆகட்டும்" என்றேன். என் புருவம் இன்னும் முளைக்கவில்லை, அப்படியும் சொன்னேன். மறுநாள் மேலே ஜீப்பிலிருந்து பீப்பாய்களை இறக்கியபோது முதலாளி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "எல்லாம் ஒரே சுத்தம்தானம்மா?" என்று. "சுத்தம்" என்றேன். அவ்வளவுதான், ஒரே ஒரு சொல். பயத்தில் சொன்னேன் என்று உன்னிடம் சாக்குச் சொல்லலாம். அப்படியில்லை. ஜெயிக்கப்போகிற அவசரத்தில் சொன்னேன்.

அந்த ஸ்டோரில் தீ பார்க்கிறவர் தங்கையா. இருபது வருஷமாக மலையிலேயே இருந்ததால் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். சூடுமானி இருந்தாலும் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத்தான் சூட்டை நம்புவார். எங்கள் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்து, "கொள்ளாம் சேச்சி, நல்லாருக்கு" என்றார். நான் மாலை ஜீப்பில் கீழே வந்துவிட்டேன். அடுத்த நாள் சாயங்காலம் சேதி வந்தது. ஸ்டோர்க் குழாயின் இழுப்பில் ஒரு பீப்பாய் இரண்டு மணி நேரம்தான் நிற்கும்; எட்டுப் பீப்பாய் வரை எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. ஒன்பதாவது சீறியிருக்கிறது. பத்தாவது அதைவிடச் சீறியிருக்கிறது. ஸ்டோருக்குள் சூடு எகிறி, காயெல்லாம் வெளுத்து வெடித்துவிட்டது. ஒரு ஸ்டோர் முழுக்க இருந்த பறிப்பு, அப்படியே பாழ்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? முதலாளி என்மேல் சந்தேகப்படவில்லை. தங்கையா கண் அசந்து காற்றுவழியைத் திறந்து விட்டுவிட்டார் என்று முடிவு செய்து, அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். எனக்குச் சொல்லி அனுப்பியது இது: "ஓட்டு மேல குத்தமில்ல, ஆளு சரியில்ல. வேற ஆளப் போடுறேன். அடுத்த பறிப்புக்குப் பீப்பாய் கொண்டாங்க." யோசித்துப் பார் அப்பு. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கிட்டங்கி பிழைத்துவிடும், பன்னிரண்டு பேர் வேலை பிழைத்துவிடும். அடுத்த தடவை சுத்தமான ஓட்டைக் கொடுத்துவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் காலையில் தங்கையா கிட்டங்கிக்கு வந்தார். கையில் தகரப் பெட்டி. ஊருக்குப் போகிற வழியில் இறங்கியிருக்கிறார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, "சேச்சி, நான் உறங்கல. சத்தியமா உறங்கல. ஆனா எங்கேயோ எனக்குப் பிழைச்சுப் போச்சு. இந்தப் பீப்பாய் எனக்குப் புதுசு. நான் எந்த இடத்துல தப்பு செஞ்சேன்னு சொல்லித் தந்தா, வேற இடத்துக்குப் போனாலும் திருத்திக்குவேன்" என்றார். தன் கையில் தப்புத் தேடி என்னிடம் பாடம் கேட்க வந்திருந்தார் அந்த மனுஷர். வெள்ளையம்மா உலக்கையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  அப்புறம் சொல்லிவிட்டேன். நாலு பீப்பாயில் பஞ்சு இருந்தது, எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கொடுத்தேன் என்று முழுதாகச் சொன்னேன்.

அவர் பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு, "என்கிட்ட சொன்னாப் போதுமா? முதலாளிகிட்ட யாரு சொல்றது?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அடுத்த ஜீப்பில் வெள்ளையம்மாவும் சேர்ந்து மூன்று பேரும் மெட்டுக்கு ஏறினோம். பதினேழு வளைவோ பதினெட்டோ, ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

நான் நடந்ததைச் சொன்னதும் முதலாளி எழுந்து நின்றுவிட்டார். அவர் திட்டியதை நான் எழுதமாட்டேன், எல்லாம் எனக்கு வேண்டியதுதான். "உங்க ஓடும் வேணாம், உங்க சகவாசமும் வேணாம்" என்று முடித்தார். "வேணாம் முதலாளி. தங்கையா அண்ணன வேலைக்கு எடுத்துக்கங்க. நான் அதுக்குத்தான் வந்தேன்" என்றேன். அதைச் சொன்னபோது கிட்டங்கி முடிந்துபோனது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் சொல்லி முடித்ததும் மூச்சு சீராக வந்தது. அவர் தங்கையாவைப் பார்த்து, "போய் உன் சோலியப் பாரு" என்றார். தங்கையா போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே நின்றார்.

"என்ன?"

"முதலாளி, மொதல் எட்டுப் பீப்பாய் எரிஞ்சதே, அதுபோல ஒரு சூட்ட நான் விறகுல கண்டதில்ல. கதவுல வச்ச கைய எடுக்கத் தோணல. பஞ்சில்லாம வந்தா இது விறகத் தோக்கடிக்கும்."

வேலையைத் திரும்ப வாங்கிய நிமிஷத்திலேயே, அதைப் பறிகொடுக்கக் காரணமான எனக்காகப் பேசினார் அவர். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் காயில இனிமே சோதனை கெடையாது. உங்களுக்குக் குரங்கணிக்கு மேல தோட்டம் இருக்குல்ல? அந்தக் காயப் போடுங்க. ஸ்டோர் தர்றேன், தங்கையாவத் தர்றேன். காஞ்சா நான் ஓடு வாங்குறேன். கருகுனா உங்க காயி, உங்க பாடு."

குரங்கணிக்கு மேலே இருந்தது என் அப்பா எனக்குக் கொடுத்த துண்டு ஏலத்தோட்டம். அந்த வருஷம் கிட்டங்கியிலிருந்து ஒன்றும் வராது என்ற நிலையில், நம் சாப்பாடும் உன் விடுதிச் செலவும் அந்தப் பறிப்பை நம்பித்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னது, இரண்டு நாள் சும்மா இருந்தது, இப்போது நம் காயையே பந்தயம் வைத்துவிட்டு வந்திருப்பது, எல்லாம். அவர் எழுந்து வெளியே போனார். போய்விட்டார், தேவாரத்துக்கே போய்விட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டங்கிக்குப் போனால், அந்தப் பெண்களுக்கு நடுவில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஓட்டை வழித்துக்கொண்டிருக்கிறார். "விரலாலயா வழிப்பாங்க? பஞ்சு எடுக்குறதுல எனக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும்? கத்திய இப்படிப் பிடி" என்று வெள்ளையம்மாவுக்கு வாத்தியார் வேலை வேறு. கிட்டங்கி முதலாளி பெண்களோடு சரிக்குச் சரி உட்கார்ந்து வேலை செய்வதை நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பஞ்சு கண்ணில் விழுந்தது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை பன்னிரண்டு பீப்பாயையும் நானே சோதித்தேன். ஒவ்வொரு கூடை ஓட்டையும் கையால் அளைந்து, ஓர் இழை தென்பட்டால்கூடக் கூடையைத் திருப்பி அனுப்பினேன். குரங்கணியில் விடியற்காலையில் பறித்த காய் மத்தியானம் போடி வந்து, சாயங்காலத்துக்குள் மெட்டில் ஏறிவிட்டது. பச்சை நிறம் போகாதிருக்கச் சோடாக்காரத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தட்டுகளில் பரப்பினார்கள். வெள்ளையம்மா, "நான் வழிச்ச ஓடு, நானும் பாக்கணும்" என்று கூடவே வந்துவிட்டாள். சாரல் பெய்தது, மேகம் இறங்கி ஸ்டோர் கூரையே தெரியவில்லை. தங்கையா பீப்பாயை மாற்றுவதும் கதவில் கை வைப்பதுமாக இருந்தார். எட்டாவது முடிந்து ஒன்பதாவதை உருட்டி வைத்தபோது மட்டும் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. அது சாதுப் பிள்ளை மாதிரி எரிந்தது. பத்தாவதும் அப்படியே. பதினொன்றாவதும் அப்படியே. பன்னிரண்டாவதற்கு வேலையே வரவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது தாண்டித் தங்கையா கதவைத் திறந்தார். முதலில் வாசம் வந்தது. பிறகு அவர் ஒரு தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நீட்டினார். பச்சை! கிளிப்பச்சை! ஒரு காய் வெளுக்கவில்லை, ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே ஏலரிசி கலகலவென்றது. முதலாளி ஒரு பிடி அள்ளினார், முகர்ந்தார், ஒன்றைக் கடித்தார், அடுத்த தட்டைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், கடைசி அடுக்கின் மூலைத் தட்டு வரைக்கும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து வாசலில் நின்ற கங்காணியிடம், "கீழருந்து வர்ற விறகு லாரிய மெட்டுலயே நிறுத்தித் திருப்பி அனுப்பு" என்றார். என்னிடம் அப்புறம்தான் பேசினார். "தங்கச்சி, இனிமே என்னோட மூணு ஸ்டோருக்கும் நீங்கதான்."

வெள்ளையம்மா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள் பார், கோயில் திருவிழாவில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சரிவிலிருந்து என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். விஷயம் தெரியாமலே அவர்களும் சேர்ந்து குலவை போட்டார்கள். தங்கையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலிப் பீப்பாயில் தாளம் போட்டார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, ஆடினேன் என்று வெள்ளையம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தார்கள், அதற்கு அடுத்ததிலிருந்து வந்தார்கள். தீபாவளிக்கு முன்பே குவியல் கரைந்து, தரை தெரிந்தது. நான் ஒவ்வொருவரிடமும் பீப்பாயைத் திறந்து காட்டி, கையை விட்டு அளைந்து பார்க்கச் சொல்லித்தான் கொடுத்தேன். பஞ்சு இருந்தால் திருப்பி அனுப்புங்கள், நானும் ஒரு தடவை ஏமாற்றியவள்தான் என்று நானே சொல்லிவிடுவேன். உன் அப்பாவுக்கு அது பிடிக்காது. "இத ஏன் போற எடத்துலயெல்லாம் பறையடிக்கிற?" என்பார். ஆனால் ஒரு பீப்பாய்கூடத் திரும்பி வந்ததில்லை. நீயும் குன்னூரில் உன் அடுப்பு எங்கே சொதப்பும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் எங்கே ஜெயிக்கும் என்பதைச் சொல். தீ பார்க்கிறவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேள், முதலாளி சொல்வதைவிட அது முக்கியம். உமியோ மட்டையோ எதுவானாலும், அதை அள்ளுகிறவர்களின் விரலைப் பார்த்துவிட்டு எத்தனை நாளில் தருவோம் என்று வாக்குக் கொடு. நான் விரலைப் பார்க்காமல் புதன்கிழமை என்று தலையாட்டியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

தை மாதத்தில், இடித்து மூட்டை கட்டி உள்ளே வைத்திருந்த ஓடும் தீர்ந்துவிட்டது. காய் பறிப்பு முடியவில்லை, ஸ்டோர்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு நானும் வெள்ளையம்மாவும் தேவாரம் பக்கம் போனோம். வேலி ஓரத்தில், மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால், ஓடை மேட்டில் என்று எங்கே பார்த்தாலும் இலவ ஓடு கொட்டிக்கிடந்தது. "தாராளமா அள்ளிக்கங்க, எங்களுக்கு எடம் மிச்சம்" என்று முதல் மூன்று வீட்டிலும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மோர்கூடக் கொடுத்தார்கள். நாலாவது வீட்டில், நான் கூடையை எடுத்துக்கொண்டு குவியல் பக்கம் போனதும், ஒரு பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்து மறித்தாள். "யக்கா, நில்லுங்க. சும்மாவா அள்ளுறீங்க? மெட்டுல இத வச்சு ஏலக்காய் காயப்போடுறாங்களாம்ல? என்ன வெல குடுப்பீங்க?"

வெள்ளையம்மா சண்டைக்குத் தயாராகிவிட்டாள். நான் கூடையைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பாள். யாருக்கும் வேண்டாத ஓட்டுக்கு முன்னால் ஒருத்தி காவல் நிற்கிறாள் அப்பு! அவள் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, வண்டி திரும்பி வருகிற வழியெல்லாம் நானும் வெள்ளையம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே வந்தோம்.